பழுது கடிகாரத்தில்தான்

காற்றாடி ஜெயித்ததுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். தோற்றிருந்தால் ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிருப்பாள். நாட்டு அணியைத் தேர்ந்தெடுக்கும் தடகள உணவு வாரியமும் நிம்மதியாக இருந்திருக்கும்.

காற்றாடி என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். ஒரு இடத்தில் நிற்காத பெண்ணுக்கு வேறென்ன பெயர் வைப்பது? பார்சல் அலுவலகத்தில் நின்றபடியே மூட்டை பிரிக்கும் வேலை. வீட்டிலும் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டேதான் சாப்பிடுவாள். உட்காரச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் கால் பரபரக்கும். கணவர் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். விடிந்ததும் விடியாததுமாக அவள் சாலையில் ஓட, அவர் பக்கத்திலேயே சைக்கிளை மிதித்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வருவார். "அந்தத் திருப்பம் வரைக்கும்தான், காத்தாடி, விட்டுடாதே" என்பார். அவளுக்கு வாய்த்த பயிற்சியாளர் அவர் ஒருவர்தான்.

பெண்களுக்கான பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் நாட்டு அணிக்கு ஒரே ஒரு இடம். அந்த இடம் கிடைத்தால் கடல் தாண்டிப் போய் ஓடலாம். அவள் வயதுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த தடவைக்குள் முழங்கால்கள் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடும்.

தேர்வு ஓட்டத்தில் காற்றாடி முதலாவதாக வந்தாள். அவளுக்கு அடுத்து வந்தவள் நெட்டைக்காலி என்று எல்லாரும் கூப்பிடும் சின்னப் பெண். அவள் மூச்சிரைக்க வந்து, "அக்கா, செம ஓட்டம்கா" என்று கட்டிக்கொண்டாள். கயிற்றுக்குப் பின்னால் இருந்த அதிகாரிகள் கை தட்டினார்கள். வாரியத்தின் செயலாளர் மட்டும் தலைவர் காதில் ஏதோ சொன்னார். கைதட்டல் முன்வரிசையில் தொடங்கிப் பின்வரிசை வரைக்கும் படிப்படியாக நின்றது.

செயலாளர் சொன்னது இவ்வளவுதான்: அந்தம்மா சைவம்.

இது ஏன் பெரிய விஷயம் என்று புரிய, வாரியத்தின் பெரிய கூடத்தில் தொங்கும் பலப் பலகையைப் பார்த்திருக்க வேண்டும். அதில் உச்சியில் இறைச்சி, அதற்குக் கீழே மீன், பிறகு முட்டை, பால். அடியில், தரையைத் தொடாத குறையாகக் காய்கறி. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைத் தின்கிறவர் எவ்வளவு வேகமாக ஓடலாம், எவ்வளவு தூரம் எறியலாம் என்று எழுதியிருக்கும். கணக்கைப் போட்டது யார் என்று யாருக்கும் நினைவில்லை. பெயின்ட் அடித்தவர் நல்ல வேலைக்காரர், இத்தனை வருஷமாகியும் ஒரு எழுத்தும் மங்கவில்லை. அதுவே போதுமான ஆதாரம் என்று வாரியம் கருதியது.

பலகையும் ஓட்டமும் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் வாரியத்திடம் விதி இருந்தது. பலகை பெயின்டில் இருக்கிறது, ஓட்டமோ ஓடி முடிந்ததும் காற்றோடு போய்விடுகிறது. எனவே பழுது கடிகாரத்தில்தான்.

"உங்க மேல எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லைம்மா" என்றார் செயலாளர் கனிவாக. "கடிகாரத்து மேலதான். பழுது பார்க்க அனுப்பியிருக்கோம். அது வர்ற வரைக்கும் கொஞ்சம் வெளியில உட்காருங்க."

வெளியில் என்றால் நீளமான நடைக்கூடம். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றுக்கு மேலே 'இங்கே ஓடாதீர்கள்' என்று ஒரு அறிவிப்பு. தடகளக்காரர்கள் மட்டுமே வந்துபோகும் கட்டிடத்தில் இதை மாட்டியவருக்கு அனுபவம் இருந்திருக்க வேண்டும். காற்றாடி உட்கார்ந்தாள், எழுந்தாள், நடைக்கூடத்தின் கடைசிவரை போய்த் திரும்பினாள். இரண்டாவது நடையில் கொஞ்சம் வேகம் கூடிவிட்டது.

"இந்தாம்மா, ஓடக் கூடாது!" என்றார் காவலாளி.

"ஓடலைங்க. நடக்கறேன்."

"நீங்க நடந்தாலே ஓடற மாதிரி இருக்கு. உட்காருங்க."

கடிகாரம் திரும்பி வந்தது. அதில் ஒரு பழுதும் இல்லை என்று கடைக்காரர் எழுதிக் கொடுத்துவிட்டார். அப்படியானால் மைதானம்தான் சுருங்கியிருக்கிறது என்று வாரியம் முடிவு செய்து, அளப்பவர்களை அனுப்பியது. அவர்கள் வெயிலில் தவழ்ந்து அளந்தார்கள். மைதானம் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் நீளமாகவே இருந்தது. அதாவது, காற்றாடி கூடுதல் தூரம் ஓடியிருக்கிறாள். வெயிலில் அளவு நாடா சுருங்கிவிட்டது என்று பதிவு செய்தார்கள். காற்றாடியை இன்னும் கொஞ்சம் உட்காரச் சொன்னார்கள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு விளக்கம்தான். அவள் திருட்டுத்தனமாகக் கறி தின்கிறாள்.

அதைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் கொண்ட குழு அவள் வீட்டுக்கு வந்தது. பானையைத் திறந்து பார்த்தார்கள். பரணில் ஏறித் தேடினார்கள். பக்கத்து வீட்டுப் பூனை ஏன் இந்த வீட்டு வாசலில் படுத்திருக்கிறது என்று விசாரித்தார்கள். கடைசியில் கணவர் சமைத்த பருப்பும் பயறும் கீரையும் மேசைக்கு வந்தன. பரிசோதனைக்காக ஒரு வாய் எடுத்துப் பார்த்த மூத்த அதிகாரி, சந்தேகம் தீர இன்னொரு தட்டு கேட்டார்.

"இந்தப் பருப்புல என்ன போட்டிருக்கீங்க?"

"பூண்டு" என்றார் கணவர்.

"பூண்டு மட்டும்தானா?"

"கொஞ்சம் உப்பும்."

அதிகாரி பெருமூச்சு விட்டார். "இதைச் சாப்பிட்டா யாருக்கும் பலம் வராது" என்று சொல்லிவிட்டு, பானையின் அடியைச் சுரண்டச் சொன்னார்.

அதன் பிறகு தலைவர் முன்னால் விசாரணை. தலைவர் ஆகிருதியான மனிதர். வாழ்நாளில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. அவர் வருவதற்குள் எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்துவிடுவதால் அவர் ஓட வேண்டிய தேவையும் வந்ததில்லை.

"நீங்க கறி சாப்பிடாததுக்குக் காரணம்?" என்று செயலாளர் தொடங்கினார். "மதமா, நோயா, வேண்டுதலா, வறுமையா?"

"சின்ன வயசுலேர்ந்தே பிடிக்கலைங்க. அவ்ளோதான்."

செயலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படி ஒரு காரணம் எங்ககிட்ட இல்லையேம்மா."

ரத்தம் எடுத்துப் பார்த்த மருத்துவரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் எழுந்து நின்றபடியே, "ரத்தம் நல்லாயிருக்கு. இரும்புச் சத்து போதுமான அளவு இருக்கு. பி12 மட்டும் கொஞ்சம் கம்மி, அதுக்கு மாத்திரை எழுதியிருக்கேன். நல்லா சாப்பிடறாங்க, நல்லா ஓடறாங்க. கறி சாப்பிடற பொண்ணுங்களுக்கும் இதே மாதிரிதான் எதாவது ஒண்ணு குறையும், அதுக்கும் மருந்து எழுதுவேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருடைய ரத்தப் பரிசோதனை பலகையைக் கலந்தாலோசிக்காமல் செய்யப்பட்டது என்று குறித்துக்கொண்டார்கள்.

தலைவர் பேசினார். "ஒரு மிருகம் ஓடுது. அதை நாம சாப்பிடறோம். அந்த ஓட்டம் நமக்குள்ள வருது. இது விஞ்ஞானம். பூசணிக்காய் எங்கயாவது ஓடி யாராவது பார்த்திருக்கீங்களா?"

கூடம் தலையாட்டியது. வாசலில் நின்ற கணவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "குதிரை புல்லுதானேங்க சாப்பிடுது?"

"குதிரை நம்ம வாரியத்துல பதிவு பண்ணலை" என்றார் செயலாளர். அதோடு அந்த வாதம் முடிந்தது. காற்றாடிக்கு இடம் உண்டா இல்லையா என்பதை முழு வாரியமும் கூடித்தான் சொல்ல முடியும். அதுவரை அவள் நடைக்கூடத்தில் இருப்பது நல்லது. எந்த நேரமும் கூப்பிடலாம்.

அங்கே அவளுக்குத் துணை குண்டண்ணன். இரும்புக் குண்டு எறிகிறவர். கோழி இல்லாமல் அவருக்கு ஒரு வேளைச் சோறும் இறங்காது. அவர் அணியின் பயணச் சீருடைக்கு அளவு கொடுக்க வந்திருந்தார்.

"ஏம்மா, உன் பருப்பு என்னை என்ன பண்ணுச்சு? என் கோழி உன்னை என்ன பண்ணுச்சு? ரெண்டு பேரும் அவங்கவங்க பாட்டுக்குத் தின்னுட்டு அவங்கவங்க வேலையைப் பார்க்கலையா? இவங்களுக்கு என்ன குடையுது?"

"தெரியலைண்ணா. எனக்குக் கால்தான் குடையுது."

உண்மையிலேயே குடைந்தது. ராத்திரி படுத்தால் கெண்டைக்கால் துள்ளியது. பகலில் நாற்காலியிலேயே பாதம் தாளம் போட்டது. அழைப்பு எப்போது வருமோ என்று விடியற்காலை ஓட்டமும் அரைகுறையாகிப் போனது. கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் ஓடித்தான் அவளுக்குத் தீர்த்துப் பழக்கம்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் தலைவருக்கு நெஞ்சு அடைத்தது.

பயப்படும்படி ஒன்றுமில்லை. எண்ணெய்ப் பலகாரத்தையும் கறியையும் நிறுத்துங்கள், தினமும் நடங்கள் என்று மருத்துவர் சொன்னார். தலைவர் முதல் பாதியைத் தானே ஏற்றுக்கொண்டார். நடப்பதற்கு ஒரு குழுவை நியமித்தார். இரண்டு வாரம் முட்டைக்கோஸ் தின்றதில் உடம்பு லேசாக இருப்பதாக உணர்ந்தார். மறுநாள் காலை வாரியம் அவசரமாகக் கூடியது.

பலகையை அப்படியே தலைகீழாகத் திருப்பி மாட்டிவிடலாம் என்றார் ஒருவர். எழுத்தும் தலைகீழாகிவிடும் என்று இன்னொருவர் கண்டுபிடித்ததால், புதிதாகவே பெயின்ட் அடித்தார்கள். உச்சியில் காய்கறி வந்தது. இறைச்சி தரைக்கு இறங்கியது.

"நான் எப்பவும் சொல்லிட்டு வந்ததுதான்" என்று தலைவர் முழங்கினார். "ஒரு மிருகம் ஓடுது. எதுக்கு ஓடுது? பயந்து ஓடுது. அதைச் சாப்பிட்டா அந்தப் பயம் நமக்குள்ள வருது. இது விஞ்ஞானம். பூசணிக்காய் எதுக்காவது பயந்து யாராவது பார்த்திருக்கீங்களா?"

கூடம் அதே தலையை ஆட்டியது.

காற்றாடிக்கு இடம் உறுதி என்றார்கள். அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. கணவர் அன்று கடையைச் சாத்திவிட்டு வந்தார். கிளம்புவதற்கு முன் பெயருக்கு ஒரு இறுதி ஓட்டம் இருக்கும், அவ்வளவுதான். அதற்கிடையில் வாரியத்துக்கு அவள் சின்ன உதவி செய்ய வேண்டும். சில கூட்டங்களுக்கு வர வேண்டும்.

விடியற்காலையில், ஓடப் போகும் நேரத்துக்குச் சரியாக வாசலில் கார் நிற்கும். பள்ளிக்கூடம், வங்கி, மருத்துவமனை, காய்கறி மண்டி என்று ஒவ்வொரு மேடையிலும் நடுநாயகமாக அவளுக்கு நாற்காலி. முன்பு பிளாஸ்டிக், இப்போது மெத்தை வைத்தது. பூங்கொத்துகளுக்குப் பின்னால் அவள் பாதம் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

"கேரட்தான் என்னைப் பறக்க வைக்குதுன்னு சொல்லுங்கம்மா" என்பார் செயலாளர்.

"தினமும் ஓடறதாலதாங்க ஓட முடியுது. சாப்பாடு சரியா இருந்தா அதுக்குத் துணை. இப்ப நீங்க எங்க ஓட விடறீங்க?"

"அதை விடுங்க. கேரட்டை மட்டும் சொல்லுங்க."

வாரியத்தின் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் கறி, மீன், முட்டை மூன்றும் ஒரே நாளில் நிறுத்தப்பட்டன. எடுத்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. குண்டண்ணன் தட்டில் நாலு வெள்ளரித் துண்டும் ஒரு இலையும் இருந்தன. அவர் அந்த இலையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இதை நான் சாப்பிடணுமா, இல்லை இது மேல சாப்பாடு வருமா?"

காற்றாடி நேரே செயலாளரிடம் போனாள். "ஐயா, சைவம்னா வெறும் இலை தழை இல்லைங்க. பருப்பு, பயறு, கொட்டை, பால் எல்லாம் வயிறு நிறைய வேணும். அவர் உடம்புக்கு நான் சாப்பிடறதைப் போல மூணு பங்கு வேணும். அதுவும் பழகறதுக்கு நாள் ஆகும். அவருக்குப் பிடிச்சா சாப்பிடட்டும், இல்லைன்னா கோழியையே கொடுத்துடுங்க."

"அதெல்லாம் விவரம்மா" என்றார் செயலாளர். "நாங்க கொள்கையைப் பார்க்கறவங்க."

இறுதி ஓட்டத்தன்று முதல் சுற்றிலேயே காற்றாடிக்குத் தெரிந்துவிட்டது. கால் அவளுடையதாக இல்லை. உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு இறுகியிருந்தது. மூச்சு தொண்டையிலேயே நின்றது. நெட்டைக்காலி அவளைத் தாண்டிப் போனாள். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். கடைசிக்கு முந்தின ஆளாக எல்லைக்கோட்டைத் தொட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். நெட்டைக்காலி முதலாவதாக வந்திருந்தாள். தேர்வு ஓட்டத்தில் காற்றாடி ஓடியதைவிடவும் வேகம். சைக்கிளைப் பிடித்தபடி நின்ற கணவர் கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளி மறைத்துக்கொண்டார்.

குண்டண்ணனின் குண்டு அவர் காலடியிலிருந்து அதிக தூரம் போகவில்லை. ஆனால் புதிய பலகைப்படி அது மைதானத்துச் சுவரைத் தாண்டி விழுந்திருக்க வேண்டும். அதனால் வாரிய ஊழியர்கள் வெளிச் சாலையில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் காற்றாடி மனசைத் தேற்றிக்கொண்டு, போய்விட்டு வருகிறேன் என்று சொல்ல வாரியத்துக்குப் போனாள். செயலாளர் இரு கைகளையும் நீட்டி வரவேற்றார்.

"வாழ்த்துகள்மா! பலகைப்படி நீங்கதான் முதல். நெட்டைக்காலி வீட்டுல மீன் சாப்பிடறவ."

"நான் தோத்துட்டேனேங்க."

"உங்க மேல ஒரு சந்தேகமும் இல்லைம்மா. கடிகாரத்தைப் பழுது பார்க்க அனுப்பியிருக்கோம்."

"கடிகாரத்தை விடுங்க. அந்தப் பொண்ணு எனக்கு முன்னால வந்ததை எல்லாரும் கண்ணால பார்த்தாங்க."

"கண்ணையும் அனுப்ப வசதி இருந்தா அனுப்பியிருப்போம்" என்றார் செயலாளர்.

அவள் வெளியே வந்தாள். நடைக்கூடத்தில், அவள் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்த அதே நாற்காலியில் நெட்டைக்காலி உட்கார்ந்திருந்தாள். நீளமான காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடக்கியிருந்தாள். பாதம் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் உட்காரச் சொன்னாங்கக்கா. கடிகாரத்துல ஏதோ பழுதாம்."

காற்றாடியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் ஒன்றும் தியாகச் சிலை இல்லை. அன்று மாலை முழுக்க வீட்டுக்குள் நடந்தாள். முதல் ஓட்டத்தில் ஜெயித்தது நான்தானே என்று நினைத்துப் பார்த்தாள். அன்றைக்கே கொடுத்திருந்தால் இந்த வம்பே இல்லை. என் காலைக் கெடுத்தது அவர்கள்தானே, அவர்களே கொடுக்கிறார்கள், வாங்கிக்கொண்டால் என்ன? கடைசி வாய்ப்பு. ஒவ்வொரு நியாயமும் நியாயமாகத்தான் இருந்தது. ஒன்றும் மனசில் நிற்கவில்லை.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று கணவரிடம் சீறினாள்.

அவர் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நீ முதல்ல வந்தே. அதையும் நான் பார்த்தேன். நேத்து அவ வந்தா. அதையும் நான்தான் பார்த்தேன். வேற என்ன சொல்லச் சொல்றே?"

மறுநாள் காலை அவள் செயலாளர் முன்னால் நின்றாள். "நான் போகலைங்க. அந்தப் பொண்ணை அனுப்புங்க."

"காரணம்?"

"அவ என்னைவிட வேகமா ஓடறா. அவ்ளோதான்."

செயலாளர் வருத்தத்தோடு தலையசைத்தார். "அப்படி ஒரு காரணம் எங்ககிட்ட இல்லையேம்மா."

"என்ன காரணம்தான் இருக்கு?"

"நோய் இருக்கு. ஆனா பலகைப்படி சைவக்காரங்களுக்கு நோய் வராது. கர்ப்பம் இருக்கு. அதுக்கு மருத்துவர் எழுதித் தரணும். குடும்பத்துல துக்கம் இருக்கு. அது சும்மா கொஞ்ச நாள் தள்ளிப்போடத்தான்." தயங்கினார். "மரணம் இருக்கு."

"அதுக்கு என்ன அத்தாட்சி வேணும்?"

"இறந்தவங்க நேர்ல வந்து கொடுக்க முடியாதுங்கறதால, எதுவும் கேக்கறதில்லைம்மா."

"போட்டா அவளை அனுப்பிடுவீங்களா?"

"தாராளமா. இறந்தவங்களுக்கு அடுத்த ஆள் போகலாம். கடிகாரம்கூடத் தேவையில்லை."

"அப்ப அதையே போடுங்க."

செயலாளர் எழுதினார். பிறகு எழுந்து நின்று, "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நெட்டைக்காலி விமானம் ஏறிய நாளில் வாரியத்தின் பெரிய கூடத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. பலகைக்குக் கீழே காற்றாடியின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். காற்றாடியும் போய்க் கடைசி வரிசையில் இருந்தாள். பக்கத்தில் குண்டண்ணன், மடியில் பொட்டலம் வைத்துக்கொண்டு வறுத்த கோழி தின்றுகொண்டிருந்தார். "உன் துக்கத்துக்குத்தாம்மா" என்று விளக்கம் வேறு சொன்னார்.

தலைவர் தழுதழுத்த குரலில் பேசினார். "சைவ உணவின் மகிமைக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? இறக்கும் வரைக்கும் அந்தம்மா பூரண ஆரோக்கியத்தோட இருந்தாங்க!"

பிறகு எல்லாரும் மௌன அஞ்சலிக்காக எழுந்தார்கள். காற்றாடியும் எழுந்தாள். படத்தில் சிரிக்கும் தன் முகத்தைப் பார்த்தபோது நெஞ்சு வலித்தது. போகாத அந்த வெளிநாட்டு மைதானம் ஒரு நிமிஷம் கண்ணுக்குள் வந்துபோனது. ஆனால் இந்தக் கட்டிடத்துக்குள் காலடி வைத்த நாள் முதல், இன்றைக்குத்தான் ஒருவரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

அவள் மெல்லக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். நடைக்கூடம் காலியாக நீண்டு கிடந்தது. ஓடத் தொடங்கினாள். "இந்தாம்மா, ஓடக்..." என்று எழுந்த காவலாளி, யாரென்று பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார். இறந்தவர்கள் ஓடக் கூடாது என்று விதி இல்லை. தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு வழிவிட்டார்.

வாசலில் கணவர் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக் காத்திருந்தார். அவள் நிற்காமல் தாண்டிப் போனாள். அவர் அவசர அவசரமாக மிதித்துப் பக்கத்தில் வந்து சேர்ந்தார்.

"எதுவரைக்கும்?"

"பேசாம வாங்க" என்றாள் காற்றாடி.